எட்டுப் பலம் வெல்லம்

முன்னொரு காலத்தில், ஓர் ஊர் எடைக்கல்லில் ஒரு பலம் என்பது அடுத்த ஊரில் முக்கால் பலமாகிப்போன நாட்களில், ஓர் அரசருக்குத் தம் தாயார் செய்த வெல்லப் புட்டைத் தின்னும் ஆசை வந்தது.

தாயார் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அரைப்படி மாவுக்கு எட்டுப் பலம் வெல்லம் என்பது அரசருக்கு மனப்பாடம். படி இருந்தது. தாயார் பிறந்த நாட்டிலிருந்து கொண்டுவந்த இரும்பு எடைக்கற்களைத்தான் யாரோ உருக்கிப் பீரங்கிக் குண்டாக்கிவிட்டார்கள். அமைச்சர் கண்டராயர் அந்த நாட்டுப் பலத்தை இந்த நாட்டுப் பலமாக்கி, குன்றிமணி பிசகாமல் கணக்குப் போட்டுக் கொடுத்தார். புட்டு வெந்து வந்தது.

"திகட்டுகிறது" என்று தட்டைத் தள்ளினார் அரசர்.

கண்டராயருக்கு விகடகவி சாத்தப்பன்மேல் வெகுநாள் எரிச்சல். "என் கணக்கில் பிழையிருந்தால் விகடர் திருத்தட்டும், அரசே. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

நாக்கு ஏமாந்த கோபத்தில் அரசரும் தலையாட்டிவிட்டார்.

சாத்தப்பன் கணக்கை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் போட்டுப் பார்த்தான். எப்படிப் போட்டாலும் சரியாகவே இருந்தது. அவன் மனைவி மூட்டை கட்டிக்கொண்டே கேட்டாள்: "போற ஊர்ல பலம் பெரிசா சின்னதான்னாவது விசாரிச்சீங்களா?"

மறுநாள் அவன் அரசரிடம் போனான். "அரசே, தாயார் வெல்லம் நிறுக்கும்போது தாங்கள் எங்கே இருப்பீர்கள்?"

"தராசுக்குப் பக்கத்தில்தான். வேறெங்கே?"

"அங்கேயே வந்து உட்காருங்கள்."

மடைப்பள்ளித் தரையில் அரசர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சமையற்காரர் எட்டுப் பலத்தை நிறுத்துவிட்டு நகர்ந்தார். வெல்ல வாசனை எழுந்தது. அரசரின் பார்வை எங்கோ போயிற்று. கை தானாகத் தராசுத் தட்டுக்குப் போய் ஒரு பிடி அள்ளி வாய்க்கு ஏறும்போது, சாத்தப்பன் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வாசலில் நின்ற கண்டராயர் காவலரைக் கூப்பிட வாயெடுத்தார்.

"கணக்கில் கழிக்க விட்டுப்போனது இதுதான், அரசே."

அரசர் தம் பிடியைப் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "நான் கை வைக்கிற நேரம் பார்த்து அடுப்பு விறகைத் தள்ளிவிடத் திரும்பிக்கொள்வாள்."

"ஆனாலும் இந்தப் பிடி செல்லாது. அன்றைய சின்னக் கை இன்று வழக்கொழிந்துவிட்டது." சாத்தப்பன் அரசரின் விரல்களைப் பிரித்துப் பாதி வெல்லத்தைத் தட்டில் திரும்பப் போட்டான். "பழைய பிடி ஒன்றுக்கு இன்றைய பிடி அரை."

புட்டு வெந்தது. ஒரு வாய் போட்டுக்கொண்ட அரசர், அடுத்த வாய் எடுக்க மறந்து அப்படியே இருந்தார். பிறகு முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார்.

"கண்டராயரே, இந்த அளவையும் நாட்டு வாய்ப்பாட்டில் சேர்த்துவிடும்."

"உத்தரவு," என்றார் கண்டராயர் கடுகடுவென்று. "பிடிக்கு அடுத்த சிறிய அளவு என்னவென்று எழுதுவது?"

சாத்தப்பன் அரசர் பக்கம் கை காட்டினான். "விரலில் ஒட்டியது."

நக்கிக்கொண்டிருந்த விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார்.