வாழைநார் வெளிச்சம்

மாணவிக்கு ஐம்பது வயது, ஆசிரியைக்கு முப்பத்திமூன்று.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்த பவுனம்மாள், சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு, பேராசிரியை அங்கயற்கண்ணியிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தார். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை டீச்சர் என்பார். வாக்குவாதம் முற்ற முற்ற இந்த மரியாதையும் கூடிக்கொண்டே போகும்.

வாழைநாரைக் கரைத்து, கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய ஏடாக வார்த்திருந்தார் பவுனம்மாள். சாயம் கிடையாது, வேறு எந்தக் கலப்பும் கிடையாது. இருட்டறையில் புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டி அணைத்தால், விளக்கு போன பிறகும் ஏடு கொஞ்ச நேரம் பச்சையாக ஒளிரும்.

பவுனம்மாள் பார்க்கும்போது ஒளிரும். அங்கயற்கண்ணி வந்தால் ஒளிராது.

துறைத்தலைவர் பொறுமை இழந்துவிட்டார். "இன்னொருத்தர் கண்ணாவது அதைப் பார்க்கணும். பதினோரு மணிக்கு வர்றேன். அப்பவும் இல்லேன்னா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கே போகட்டும்."

காலையிலிருந்து பொருமிக்கொண்டே இருந்தார் பவுனம்மாள்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேக்காம விடவா போறீங்க?"

"என் வேலை உங்க கண்ணுக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

அங்கயற்கண்ணி இருட்டறைக்குள் நுழைந்தார். "விளக்கைப் போடுங்க டீச்சர்" என்றார்.

அந்த இருட்டறை ஒரு பீரோவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு மேசை, ஒரு நாற்காலி. வெள்ளெழுத்துக் கண் என்பதால் பவுனம்மாள் எப்போதும் சுவரில் சாய்ந்தபடிதான் பார்ப்பார். அங்கயற்கண்ணியோ, எப்போதும்போல மூக்கு ஏட்டில் உரசும் அளவுக்குக் குனிந்தார்.

விளக்கை அணைத்தார்கள். கும்மிருட்டு.

"பாத்தீங்களா? நீங்க வந்தாலே இப்படித்தான்!"

"நான் வெளியே போறேன். வேற ஏடு வைங்க."

அங்கயற்கண்ணி வெளியே வந்து கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

"இருக்கு! ஜம்முனு இருக்கு மேடம்!"

"சரி. இப்போ மறுபடி விளக்கைக் காட்டி, நான் குனியற மாதிரி நீங்க குனிஞ்சு பாருங்க."

"கிட்டப் போனா எனக்குத் தெரியாதே."

"எழுத்துக் கூட்டியா படிக்கப் போறீங்க? வெளிச்சம்தானே? குனிங்க."

உள்ளே விளக்கைப் போட்டு அணைக்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர்?"

"எனக்கும் அணைஞ்சு போச்சு."

அங்கயற்கண்ணி கதவைத் திறந்தபோது பவுனம்மாள் ஏட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். தடவிய விரல் அப்படியே நின்றது.

"ஈரம்" என்றார். "மூச்சுல இருக்கற ஈரம். நார்தானே, பட்டதும் குடிச்சிடுது. ஈரம் ஏறினா ஒளிர மாட்டேங்குது."

"ஆக, அக்கறையா குனிஞ்சு குனிஞ்சு பார்த்து அணைச்சது நான்தான்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்குள் மாடிப்படியில் துறைத்தலைவரின் செருப்புச் சத்தம்.

"காய்ஞ்ச ஏடு மிச்சம் இருக்கா டீச்சர்?"

"ஒண்ணே ஒண்ணு. சீக்கிரம் வந்து உட்காருங்க மேடம். நல்லா சாய்ஞ்சுக்கங்க. மூச்சை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க!"

அங்கயற்கண்ணி உட்காரவில்லை. நாற்காலியை இன்னும் சுவரோடு தள்ளிப் போட்டார்.

"அவரை உட்கார வைங்க."

"அவரையா? என்னை மூட்டை கட்டச் சொன்னவரு! கூடவே நின்னவங்க நீங்க. முதல்ல நீங்க பாக்கறதுதானே நியாயம்?"

"உள்ளே உங்களோட இன்னொருத்தருக்குத்தான் இடம் டீச்சர். உங்களை அனுப்பற அதிகாரம் அவர்கிட்டதான் இருக்கு."

"ஆனா ஒரு தடவைகூட நீங்க பாக்கலையே மேடம்! எதை நம்பி இத்தனை நாள் அவர்கிட்ட எனக்காகச் சண்டை போட்டீங்க?"

செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கயற்கண்ணி கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"நீங்க பாத்தேன்னு சொன்னீங்களே, டீச்சர்."