மடி சொன்ன பொய்

ஒரு பொய்கூடச் சொல்லாதவன் என்று சந்தை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறாயே மாட்டுக்காரா, உன்னைத்தான். வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு கையால் களவாண்டவன் நீ. உன் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம், நீ செய்த வேலை போதும். படிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

வேலாத்தாள் பள்ளிக்கூடம் கண்டதில்லை. பதினெட்டு வயதில் ஒற்றைக் கிடாரியோடு தனியாக நின்றவளுக்குச் சந்தைதான் அடித்து அடித்துப் பாடம் சொன்னது. வளைந்து கொடுக்காத வாய், மூக்கு நுனியில் கோபம். பதினைந்து வீட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். வயதான இரண்டு மாடுகளையும் விற்றுவிட்டு, ஒரே ஒரு நல்ல கறவை வாங்கலாம் என்று புதன் சந்தைக்கு வந்தாள்.

செவலை மாடு ஒன்று நின்றது. மடி குடம்போல் புடைத்து, காம்பு நாலும் நாலு திசைக்கு விறைத்திருந்தன. இரண்டு முழம் தள்ளிக் கட்டியிருந்த கன்று, வாயைமூடிக் கட்டிய பிரம்புக் கூடையோடு கயிற்றை இழுத்துக் கதறியது. வேலாத்தாள் அதையும் பார்த்தாள். ஆனால் மனசு மடியிலேயே இருந்தது.

"காலையில எத்தன லிட்டரு கறந்துச்சு தம்பி?"

"என்ற வாயால சொன்னா வியாபாரத்துக்குச் சொல்றான்னு நெனப்பீங்க. மடியப் பாருங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

துண்டுக்குள் இருவர் கையும் நுழைந்தன. விரல் பிடித்து விலை பேசினார்கள். அவன் இறங்கவில்லை. வேலாத்தாள் வெடுக்கென்று கையை உருவினாள்.

"உன்ற மாட்ட நீயே வெச்சுக் கும்பிடு. அந்தக் கோடியில ஒரு கருப்பு மாடு பேசி வெச்சிருக்கறேன்."

கருப்பு மாடும் கிடையாது, பேச்சும் கிடையாது. பத்தடி நடந்தாள். "அக்கா, வாங்கக்கா!" என்று பின்னாலேயே வந்தான். விலையில் இரண்டு விரல் குறைந்தது. மாடு கைமாறியது.

அன்று சாயங்காலம் ஒன்பது லிட்டர். கூடையை அவிழ்த்துவிட்டதும் கன்று முட்டி முட்டிக் குடித்தது, ஏதோ முதல்முறையாகப் பாலைக் கண்டதுபோல. மறுநாள் காலை மூன்று லிட்டர். சாயங்காலமும் மூன்று. அதற்கடுத்த நாளும் அதே மூன்று. ஏழு வீட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஏமாற்றி விற்ற மாட்டை அடுத்த சந்தைக்குள் கொண்டுவந்தால் விற்றவன் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், இது அந்தச் சந்தையின் பழைய வழக்கம். முன்பெல்லாம் நாலு பேர் கூடிச் சத்தம் போட்டால் போதும். இப்போது சந்தைக் குத்தகைக்காரர் ஆபீஸ் வந்துவிட்டது. மூன்று மாநிலத்து ஆட்கள் வருகிறார்கள் என்று புகார்ப் படிவமும் இங்கிலீஷில். அடுத்த புதன் மாட்டோடு வந்து நின்ற வேலாத்தாளுக்குக் குமாஸ்தா தாமோதரன் அதைப் படித்துக் காட்டினார்.

"மூணு கட்டம் இருக்குதுங்கம்மா. லை, புளஃப், டிசீவ். ஒண்ணுலதான் டிக் போடோணும். மாத்திப் போட்டா மனு தள்ளுபடி. மறுபடி குடுக்க முடியாது."

"மூணும் ஏமாத்துத்தானுங்களே! எதுல போட்டா என்ன?"

"அப்படி இல்லீங்க. வாயால பொய் சொன்னா லை. பேரத்துல சும்மா மெரட்டிப் பாக்கறது புளஃப். நம்ப வெச்சுக் கவுக்கறது டிசீவ்."

சுவரில் சாய்ந்து நின்ற அந்த மாட்டுக்காரன் பல்லிளித்தான். "நான் எத்தன லிட்டருன்னு வாயத் தொறந்தனுங்களா? பொய் சொன்னது அக்காதானுங்க. கோடி வரைக்கும் போய்ப் பாத்தேன், கருப்பு மாடு என்ன, கருப்பு ஆடுகூட இல்ல!"

கூட்டம் சிரித்தது. அவன் இன்னும் நெருங்கி வந்தான். "தைரியமிருந்தா லையிலயே போடுங்கக்கா. இவன் பொய்யன்னு எழுதுங்க."

வேலாத்தாளுக்குக் கண் சிவந்தது. பேனா முதல் கட்டத்துக்கு மேலே போய் நின்றது. மனு விழுந்தால் மூன்று லிட்டர் மாடுதான் மிச்சம். மீதி எட்டு வீடும் போகும்.

வாயால் பொய் சொன்னவள் அவள். வாயால் பொய்யே சொல்லாதவன் அவன். இருவரில் ஏமாற்றியது யார்? வேலாத்தாள் பேனாவை எந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும்?

விடை: மூன்றாவது கட்டத்தில். லை என்பது அவன் போட்ட தூண்டில். கோபத்தில் அதைக் கவ்வியிருந்தால் மனு அங்கேயே செத்திருக்கும். கருப்பு மாடு வெறும் புளஃப். 'போனால் போ' என்று அவன் சும்மா நின்றிருந்தால் அவன் மாடு அவனோடே இருந்திருக்கும். தான் விற்பது இன்னதென்று அவனுக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாமல் செய்தவன் அவன். சந்தைக்கு முந்தின நாளிலிருந்தே கறக்காமல் விட்டு, கன்றையும் குடிக்கவிடாமல் வாயைக் கட்டி, நேராகக் கேட்டவளுக்கு வீங்கிய மடியைக் கைகாட்டினான். பொய்யனாவது தன் நாக்கைத்தான் அழுக்காக்குகிறான். இவன் வாயில்லா ஜீவனைப் பொய் சொல்ல வைத்தான்.

வேலாத்தாள் பிரம்புக் கூடையைச் சாட்சியாக மேசைமேல் அடித்து வைத்துவிட்டு, காகிதம் கிழிய மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள். இனி என்ன பல்லிளிப்பு, மாட்டுக்காரா? வாங்கிய பணத்தைக் கீழே வை. கயிற்றைப் பிடி. நேர்மையைப் பற்றி இன்னொரு முறை பேசத் தோன்றினால் அந்தக் கூடையையும் எடுத்துக்கொண்டு போ, உன் வாய்க்குச் சரியாக இருக்கும்.