கிளி தன் பச்சையைப் பொதுவில் வைத்த கதை

பிள்ளை பெற்றவளுக்கு வைத்திருந்த பூண்டுக் குழம்பைத் தின்றவனே! உன் பெயர் தெரியாது. இன்றுவரை யார் கையிலும் நீ அகப்படவும் இல்லை. ஆனால் தின்றது நீதான். தின்றதோடு போயிருந்தாலாவது தொலைகிறது என்று விட்டிருக்கலாம். தின்றுவிட்டு ஒரு வார்த்தை சொன்னாய் பார், அதனால் வந்ததுதான் இத்தனை வினையும்.

அந்தக் காலத்தில் கிளியும் அரிசியும் ஆற்றுத் தண்ணீரும் மனிதரோடு சரிக்குச் சரி நின்று பேசும். அப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. கறுப்பு காக்கையுடையது. வெள்ளை கொக்குடையது. சொந்தக்காரரைக் கேட்காமல் சொல்லை எடுத்தால் நாக்கு புரளாது. அவர் சம்மதித்து, சுவரில் இருக்கும் பல்லியும் 'இச்' கொட்டிவிட்டால் அந்தச் சொல் கேட்டவருக்கும் ஆகிவிடும். பிறகு அதைத் துண்டு போட முடியாது. திருப்பி எடுத்தால் கொடுத்த அத்தனை பேரிடமிருந்தும் மொத்தமாக எடுக்க வேண்டும், விட்டால் மொத்தமாக விட வேண்டும்.

பச்சை என்ற சொல் பவளாயி என்ற கிளியிடம் இருந்தது. அது அவளுக்குச் சும்மா வந்ததல்ல. கண் திறக்காத குஞ்சாக இருக்கும்போதே கூடிருந்த மரம் இடி விழுந்து கருகிப்போனது. பருந்துக்கும் பாம்புக்கும் தப்பி, அடிபட்டு உதைபட்டு வளர்ந்தவள். ஆலிலையிடம் போய்ப் பாதிச் சொல்லைக் கேட்டு, பேசிப் பேசி அதன் தலையைக் கிறுகிறுக்க வைத்து, முழுச் சொல்லையும் வாங்கிக்கொண்டு வந்தாள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அந்த மூக்கு சிவந்ததே அதனால்தான் என்பார்கள்.

அவளிடம் முதலில் வந்தது அரிசி.

"அக்கா, என் அண்ணனை அவித்துப் புழுங்கல் என்று பேர் வைத்துவிட்டார்கள். என்னை யாரும் அவிக்கவில்லை. பேரில்லாமல் நிற்கிறேன். உன் சொல்லைக் கொடேன்."

பவளாயி அதை மேலும் கீழும் பார்த்தாள். "வெள்ளை வெளேரென்று இருக்கிறாய். கொக்கிடம் போ."

"போனேன். உன் அண்ணனும் வெள்ளைதானே, இதில் என்ன வித்தியாசம் கண்டாய் என்று விரட்டிவிட்டது."

"சரி, எனக்கு என்ன தருவாய்?"

"கதிர் முற்றியதும் வந்து கொத்திக்கொள்."

"முற்றும்வரை காத்திருக்க நான் என்ன கொக்கா? பால் பிடிக்கும்போதே வருவேன். சம்மதமா, நடையைக் கட்டுகிறாயா?"

அரிசி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தது. பல்லி 'இச்' என்றது. அது பச்சரிசி ஆயிற்று. அடுத்து, காய்ச்சாத தண்ணீர் வந்தது. கோடையிலும் பவளாயிக்கு ஓர் ஊற்று விடுவதாக ஒப்புக்கொண்டு, பச்சைத் தண்ணீராகத் திரும்பிப் போனது.

அதன் பிறகு வந்தவள் அங்கம்மா. இடுப்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் சிவந்த சிசு.

"அக்கா, பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் ஆறவில்லை. அதற்குள் உலக்கையை நீட்டுகிறார்கள். இவனையும் வருகிறவர் போகிறவர் எல்லாம் தூக்கிக் குலுக்குகிறார்கள். கழுத்து நிற்கவில்லை என்று சொன்னால் யார் காதிலும் ஏறவில்லை. கேட்டதுமே கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிற மாதிரி ஒரு சொல் வேண்டும்."

"என்ன தரு..." என்று பவளாயி வழக்கப்படி ஆரம்பித்தாள். அதற்குள் சிசு அவள் கால் விரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. பவளாயி அதைப் பார்த்தாள், அங்கம்மாவைப் பார்த்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எடுத்துக்கொண்டு போ. ஒன்றும் வேண்டாம். யாரிடமும் சொல்லித் தொலைக்காதே."

அங்கம்மா சொல்லவில்லை. ஆனால் பச்சை உடம்பு, பச்சைக் குழந்தை என்ற பேச்சு ஊரில் கிளம்பியதுமே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. காய்ச்சாத பால், சூளை காணாத செங்கல், வதக்காத வெங்காயம் என்று பவளாயியின் மரத்தடியில் ஒரே கூட்டம்.

"அவளுக்குச் சும்மா கொடுத்தாயே, எங்களுக்கு மட்டும் பேரமா? நாங்கள் என்ன மாற்றாந்தாய்ப் பிள்ளைகளா?" என்று வெங்காயம் கத்தியது.

பவளாயிக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒவ்வொருத்தரிடமும் நின்று நிதானமாகப் பேசியிருக்க வேண்டியவள், கிளை அதிரக் கத்தினாள்.

"கேட்டுக்கொள்ளுங்கள்! யாரும் எதையும் சேர்க்காமல், எதையும் செய்யாமல், வந்தது வந்தபடி இருக்கிற அத்தனைக்கும் என் சொல் பொது. போதுமா? போய்த் தொலையுங்கள்!"

பல்லி 'இச்' கொட்டியது.

கூட்டம் கலைந்தது. கடைசியில் ஒன்று மட்டும் போகாமல் நின்றது. ஒல்லியாக, பிறந்த மேனியாக.

"நீ யார்?"

"பொய்."

"தூ! உனக்கு இங்கே என்ன வேலை?"

"என் அக்காமாரை எல்லாம் கண் வைத்து, காது வைத்து, மூக்கு வைத்து ஜோடித்துத்தான் அனுப்புவார்கள். என்னைப் பெற்றவன் ஒன்றுமே வைக்கவில்லை. அங்கம்மாவின் பூண்டுக் குழம்பை வழித்துத் தின்றான். மீசையில் குழம்பு ஒட்டியிருக்கும்போதே 'நான் சட்டியைத் தொடவே இல்லை' என்றான். அப்படிப் பிறந்தவள் நான். வந்தது வந்தபடி நிற்கிறேன். நீ சொன்னதில் எங்கே இடிக்கிறது, சொல்லு?"

பவளாயி வாயைத் திறப்பதற்குள் பல்லி 'இச்' என்றுவிட்டது.

அன்று சாயங்காலமே அங்கம்மா திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"குழம்பை நானே தின்றுவிட்டு மறுபடி கேட்கிறேனாம், அக்கா. பச்சை உடம்புக்காரி, பசி தாங்கவில்லை என்றேன். 'பச்சைப் பொய்' என்கிறார்கள். நீ கொடுத்த சொல்லை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்கள்."

பவளாயி அங்கம்மாவின் வீட்டுக்குப் பறந்தாள். போகிற வழியில் அரிசியையும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய், "முதலில் இவளுக்குக் கஞ்சியாகுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்" என்று அடுப்பில் ஏற்றினாள். பிறகு வாசலில் நின்ற பொய்யைப் பிடித்துத் திட்டினாள். அந்தத் திட்டில் ஒரு சொல்லுக்குக்கூட மேல்துணி இல்லை. எல்லாம் வந்தது வந்தபடி. பல்லி அதற்கும் ஒரு 'இச்' போட்டது.

"உன்னைப் பெற்றவன் எவன்? பேரைச் சொல்!"

பொய் சிரித்தது. "பேரைச் சொன்னால் நான் உண்மையாகிவிடுவேனே. வேண்டுமானால் உன் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள். ஆனால் மொத்தமாக எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையிடமிருந்தும்."

பவளாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். யாரோ குழந்தையைத் தூக்கிக் குலுக்கக் கை நீட்டினார்கள். "பச்சைப் பிள்ளை!" என்றது ஒரு குரல். நீண்ட கை அப்படியே பின்னால் போனது.

"சொல் இங்கேயே இருக்கட்டும்" என்றாள் பவளாயி. "நான் தோற்கவில்லை. இனிப் பேரம் உன்னோடு இல்லை, உன்னைப் பெற்றவனோடு. அவன் ஒரு தடவை 'நான்தான்' என்று சொன்னால் போதும், நீ செத்தாய். சொல்லும்வரை நானும் விடப்போவதில்லை."

பொய்யின் சிரிப்பு நின்றது.

அன்று முதல்தான் வெள்ளை அரிசி பச்சரிசி. நிறமே இல்லாத தண்ணீர் பச்சைத் தண்ணீர். சிவப்பாய்ப் பிறக்கிற குழந்தை பச்சைக் குழந்தை. வாயில் வந்ததை அப்படியே கொட்டினால் பச்சை பச்சையாகத் திட்டு. அந்த வரிசையில் வெட்கமில்லாமல் பச்சைப் பொய்யும் நிற்கிறது. அன்று முதல்தான் எந்த வீட்டுக் கூரையைக் கடந்தாலும் கிளி கத்தாமல் போவதில்லை. அது கத்துவது இதைத்தான்:

"குழம்பைத் தின்றவனே, மீசையைத் துடைத்தது போதும். வாசலுக்கு வா. 'நான்தான் தின்றேன்' என்று சொல். நீ பெற்றதை நீயே தூக்கிக்கொண்டு போ, என் சொல்லைப் பிள்ளைக்கு விட்டுவிடு!"