மேடேறாத எஞ்சின்

நூற்பாலை முதலாளி வரதராசன் யாரோ ஓட்டிச் சலித்த பொம்மை ரயில் எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். சமதளத்தில் ஓடியது, மேட்டில் சக்கரம் வழுக்கியது.

கைக்குழந்தையோடு நின்ற பங்களா வேலைக்காரி பிலோமினா, "எடை பத்தலைங்க" என்றாள்.

"அடடே, இன்ஜினியரம்மா! ஆலை விழாவுக்குள்ள ஏத்திக் காட்டு. பைசா தரமாட்டேன். ஏறலைன்னா ஆலை வீட்டைக் காலி பண்ணு."

விழாவுக்கு மேஸ்திரிகள் முதலாளி கொடுத்த வெள்ளிப் பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் எட்டுப் பெட்டிகளோடு மேடேறியது.

"நானே சரிபண்ணேன்" என்றார் முதலாளி.

"உள்ளே என்னங்க வச்சீங்க?" என்றார் ஒரு மேஸ்திரி. முதலாளி எஞ்சினைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஈயமுங்க" என்றாள் பிலோமினா.

"உனக்கு ஏதுடி ஈயம்?"

"மெஷின்ல மாட்டி என் வீட்டுக்காரர் செத்தப்ப நீங்க குடுத்த வெள்ளிப் பதக்கமுங்க. கத்தரிக்கோலுக்கே வெட்டுப்பட்டுச்சு. அவர் பேரு இருந்த துண்டை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். எஞ்சின் ஏறிடுச்சே, வீட்டைக் காலி பண்ண வேண்டாமுங்களே?"

மேஸ்திரிகள் ஒவ்வொருவராகத் தலைகுனிந்து, தங்கள் பதக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள்.