கை நீட்டியவள்

"மேடம், அந்தப் பொம்பளை என்மேல கை நீட்டிட்டா!"

தவசிலிங்கம் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். ஆறடி ஆள். இருபது வருஷமாக முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஒருத்தரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. மாற்றலாகி இந்தத் தீக்காய வார்டுக்கு வந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, அதற்குள் அறை வாங்கியாயிற்று.

பிலோமினா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். தவசிலிங்கத்தைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் வெந்த உடம்பை மடங்கவிடாமல் நிமிர்த்துகிற வித்தைக்கு இங்கே அவர்தான் குரு.

"யாரு சார்?"

"வடைக் கடைக்காரி. வெள்ளத்தாய்."

"எந்தக் கை?"

தவசிலிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடி வாங்கினவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"வலது கை."

"வெந்த கையா?"

"வெந்த கைதான்! வெந்த கையே இந்தப் போடு போடுது. நல்ல கையா இருந்தா என் பல்லைத் தரையிலதான் பொறுக்கணும்."

"எவ்வளவு நீட்டினா?"

"மேடம்!"

"முழங்கையை மடக்கியே அடிச்சாளா, நீட்டி அடிச்சாளா?"

ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை, அவளைக் கண்டிக்கிறேன் என்று ஒரு பேச்சு இல்லை.

வெள்ளத்தாயின் கதை வார்டுக்கே தெரியும். எண்ணெய்ச் சட்டி சரிந்து வலது அக்குளிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. தொடைத் தோலை எடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள். ஒட்டின தோல் சும்மா இருக்காது, சுருங்கும். நீட்டி நீட்டிப் பழக்காவிட்டால் கை விலாவோடு இழுத்துக்கொள்ளும். அப்புறம் மறுபடியும் கத்திதான்.

பயிற்சிக்கு வந்த முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். "கடை போனாப் போகட்டும்யா. என் கொண்டையை நானே போட்டுக்கிடணும். அது ஒண்ணு போதும்." கொண்டை ஊசியைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.

"அவ உட்கார்ந்திருந்தாளா?" என்றார் பிலோமினா.

"ஆமா, கட்டில்ல."

"நீங்க?"

"நின்னேன்."

"குனிஞ்சீங்களா?"

"நான் எதுக்குக் குனியணும்? பயிற்சி முடிஞ்சுது. கையை விட்டேன். 'பார்த்தியா, வலிக்கவே இல்லை'ன்னு சிரிச்சேன். அவ்வளவுதான். பளார்!"

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க இன்னிக்கு அவ கையை எதுவரைக்கும் தூக்கினீங்க?"

"நெஞ்சு மட்டம்."

"நேத்து?"

"நெஞ்சு மட்டம்தான்."

"அதுக்கு மேல?"

"எங்க விட்டா? ரெண்டு கையையும் சேர்த்து, 'உங்களைக் கும்பிடுதேன்யா, விட்டுருங்க'ன்னு ஒரே அழுகை. நானும் பிள்ளைகுட்டிக்காரன். மனசு கேட்கலை, விட்டுட்டேன்."

"தினமும் கும்பிட்டாளா?"

"தினமும்."

பிலோமினா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினார். அப்படியே அசையாமல் நின்றார்.

இதென்ன கூத்து என்று தவசிலிங்கம் பார்த்தார். கூப்பிய விரல்களைப் பார்த்தார். முழங்கைகளைப் பார்த்தார். இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன.

ஐயோ, இத்தனை நாளும் இதையா பழக்கிக்கொண்டிருந்தேன்?

"கை நீட்டினதும் ஓடி வந்துட்டீங்க," என்றார் பிலோமினா. "கும்பிட்டப்பவே ஏன் சார் வரலை?"

தவசிலிங்கம் வார்டுக்குத் திரும்பி ஓடினார்.

வெள்ளத்தாய் கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவர் வருவதைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. அவசர அவசரமாக நெஞ்சருகே கை கூப்பினாள்.

"ஐயா, புத்தி கெட்டுப் போயி பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

"அப்படிக் கும்பிடாதே!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

"வேற எப்படிக் கும்பிட?"

"தலைக்கு மேல."

அவள் திகைத்துப் போனாள். "அது சாமிக்குல்ல? நீங்க என்ன சாமியா?"

"சாமியா இருந்தா வலிக்காம தூக்கிவிட்டிருப்பேனே தாயி. வலிக்கும். வலிக்கலைன்னு நான் சொன்னது பச்சைப் பொய். நீ அடிச்சது சரிதான்."

அடித்தது சரி என்று அடி வாங்கினவரே சொல்வதை அவள் கேட்டதில்லை.

"நான் தொட மாட்டேன்," என்றார். "வலிக்கு ஊசி போட்டிருக்காங்க, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். உன் கை. நீயே தூக்கு. போதும்னா நீயே நிறுத்திக்கோ."

"நெஞ்சுக்கு மேல போகாதுய்யா. உங்களுக்குத் தெரியாதா? இத்தனை நாள்ல ஒரு நாளாவது போச்சா?"

தவசிலிங்கம் குனியவில்லை. நின்ற இடத்திலேயே நிமிர்ந்து நின்று இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஐந்து விரலும் சிவந்து கிடந்தது.

"போச்சா இல்லையான்னு இதைக் கேளு," என்றார்.

அவள் அந்தக் கன்னத்தை அண்ணாந்து பார்த்தாள். மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். மறுபடியும் அண்ணாந்து பார்த்தாள்.

"ஆத்தாடி!" என்றாள்.

தலையணைக்கு அடியில் இடது கையை விட்டுத் துழாவினாள். கொண்டை ஊசியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள்.