அகலமான கயாக்

உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் சங்கரபாகம் அறுபத்தோரு வயதில் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தார். சொல்லிக்கொடுத்தவள் செலஸ்தினா. அவரைவிட இருபது வயது இளையவள்.

அளத்து நிலத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதை எதிர்த்து, ஞாயிற்றுக்கிழமை கழிமுகத்தை மறிப்பதாகச் சங்கம் முடிவு செய்திருந்தது. மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை என்றார்கள் அதிகாரிகள். அதனால் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில், ஆளுக்கு ஒன்றாக, நாற்பது பேர். "தலைவர் கரையில நின்னு பேசினாப் போதும்" என்று செயற்குழுவில் யாரோ சொன்னது அவருக்குள் முள்ளாகக் கிடந்தது. ஒன்பது முறை சிறைக்குப் போனவர். ஒருமுறைகூட இரண்டாவது ஆளாகப் போலீஸ் வேனில் ஏறியதில்லை.

ஒரு வாரம் அவளோடு இரட்டைப் படகில் பழகினார். வெள்ளிக்கிழமை தனிப் படகு.

மணலில் இரண்டு கிடந்தன. ஒன்று நீளமாய், ஒடுங்கி, சிவப்பாய். மற்றது அகலமாய், தட்டையாய், வெயிலில் வெளுத்து.

"எனக்கு எது தோழர்?"

"நீங்களே எடுங்க அண்ணாச்சி."

அவர் சிவப்பைத் தொட்டார். "வேகமாப் போகுமா?"

"அம்பு மாதிரி."

"அப்ப இதுதான்."

அவள் மறுக்கவில்லை. அவருடைய உயிர்காப்புச் சட்டையின் வாரை இறுக்கிவிட்டாள்.

உப்பு வாரிய தோள். துடுப்புப் போட்டதில் குறையில்லை. ஐம்பது அடி நேராகப் போனார். அளத்து வரப்பில் நின்ற பெண்கள் அடையாளம் கண்டு கைதட்டினார்கள். "தலைவரே!" என்று ஒருத்தி கூவினாள். அவ்வளவுதான். நாற்பது வருடப் பழக்கம். துடுப்பை விட்டார், முஷ்டியை உயர்த்தினார், பாதி எழுந்தார்.

படகு கவிழ்ந்தது.

மார்பளவு தண்ணீரில் செலஸ்தினா நடந்து வந்தாள். "தண்ணிக்குள்ளயே கோஷமா அண்ணாச்சி?"

"சிரிக்காதீங்க. பிடிச்சு ஏத்துங்க."

"ஞாயித்துக்கிழமை யாரு ஏத்துவா? ஏறுங்க."

நான்கு முறை முயன்றார். நான்கு முறையும் சிவப்புப் படகு அவரை உதறித் தள்ளியது. வரப்பில் கைதட்டல் நின்றுபோயிருந்தது.

அவள் திரும்பிப் போய் அகலமான கயாக்கைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் நெஞ்சை அதன்மேல் போட்டு, காலை உதைத்து, ஊர்ந்து ஏறினார். குப்புறக் கிடந்து மூச்சு வாங்கினார். பிறகு உட்கார்ந்து துடுப்பை இரண்டு முறை வலித்துப் பார்த்தார்.

"எருமை மாதிரி நகருது தோழர். இதுல போனா நாப்பது பேருக்கும் பின்னாலதான் வருவேன்."

"ஆமா."

"தலைவன் கடைசியா வந்தா ஜனம் என்ன சொல்லும்?"

செலஸ்தினா சிவப்புப் படகைச் சாய்த்து, உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நாப்பது பேர்ல நாலு பேராவது கவிழ்வாங்க அண்ணாச்சி. முன்னால போறவனுக்கு அது தெரியவே தெரியாது."