சொன்னபடி செய்து தரப்படும்

அநியாயம் இழைக்கப்பட்டவள் அருள்செல்வி. இழைத்தவர்கள் மூன்று பேர். என்ன அநியாயம் என்றால், அவள் சொன்னதையெல்லாம் அந்த மூன்று பேரும் ஒன்று விடாமல் செய்தார்கள்.

அவளுடைய தாய்மாமா ஒரு காலத்தில் சிவப்பாக, தாழ்வாக, இரண்டே பேர் உட்காரும்படி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். வாங்கிய மூன்றாம் மாதமே அதைப் புளியமரத்தில் மோதினார். பானெட் அப்பளமாக நொறுங்கியது. அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம் கோழிகள்தான் அதில் முட்டையிட்டு வந்தன.

இயற்பியல் எம்.எஸ்சி. படிக்கும் அருள்செல்வி அதை ஓட வைக்கிறேன் என்றதும் மாமா சிரித்தார். அவள் வாதாடினாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் வாதாடினாள். மாமாவுக்குப் பசி.

"சரிம்மா. பொங்கலன்னிக்குக் காலைல அது தானா வந்து என் வீட்டு வாசல்ல நிக்கணும். நின்னா உனக்கு. இல்லேன்னா மறுநாளே காயலான் கடைக்கு."

ஊரில் இன்ஜினைத் தூக்கும் சங்கிலிக் கப்பி உள்ள பட்டறை ஒன்றே ஒன்றுதான். மாமா வீட்டுத் தெரு முடிகிற மேட்டில் இருந்தது. போர்டில் 'சொன்னபடி செய்து தரப்படும்' என்று எழுதியிருந்தது. அருள்செல்வி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

பட்டறைக்காரர் பூவலிங்கம். கூட இருந்தவர்கள் அவர் தம்பி ராஜாமணி, மச்சான் மந்திரம். அருள்செல்வி சனி ஞாயிறுகளில் வந்து தானே வேலை பார்ப்பாள். மற்ற நாட்களில் திருநெல்வேலி ஹாஸ்டலிலிருந்து போனில் சொல்வாள். முதல் திங்கட்கிழமை, "அண்ணே, இன்ஜினை இறக்கி வையுங்க" என்றாள்.

மூன்று பேரும் காரைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"இறக்கச் சொல்லுது. எம்புட்டு இறக்கணும்னு சொல்லலையே" என்றார் பூவலிங்கம்.

"தரையில வெச்சா, அதுக்குக் கீழயும் எடம் இருக்கே அண்ணே. பாதி இறக்கின மாதிரி ஆயிரும்" என்றார் ராஜாமணி.

"இதுக்கு மேல இறக்க முடியாதுங்கிற எடத்துல வெச்சாத்தான் வேலை சுத்தம்" என்றார் மந்திரம்.

சனிக்கிழமை அருள்செல்வி வந்தபோது இன்ஜின் பட்டறைக் கிணற்றின் அடியில் பத்திரமாக இருந்தது. பூவலிங்கம் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணி மட்டும் இல்லேன்னா இன்னும் இறக்கியிருக்கலாம், தங்கச்சி" என்று வருத்தப்பட்டார்.

இறக்கிய கப்பியாலேயே மேலே ஏற்றி, இரண்டு வாரம் காய வைத்தார்கள்.

இனி ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் பேசுவது என்று அருள்செல்வி முடிவு செய்தாள். அடுத்த உத்தரவை நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டே போன் செய்தாள். "அண்ணே, காரை மொத்தமா பிரிங்க. கழட்டுற ஒவ்வொண்ணுக்கும் பேரு, எங்க இருந்து வந்தது, ரெண்டையும் சீட்டுல எழுதி ஒட்டிருங்க."

அந்த வாரம் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. நூற்று நாற்பது சாமானுக்குப் பெயர் யோசிப்பது லேசுப்பட்ட காரியமா?

சனிக்கிழமை தார்ப்பாயில் எல்லாம் வரிசையாக இருந்தன. கார்புரேட்டரில் 'கோமதி, சங்கரன்கோவில்' என்று ஒரு சீட்டு. பெட்ரோல் பம்பில் 'செல்லையா, கடையநல்லூர்'. பிரேக் பெடலில் 'சுடலைமுத்து, ஏரல்'.

இது கார்புரேட்டர், இதற்கு ஊர் கிடையாது என்று அருள்செல்வி ஒரு மணி நேரம் வாதாடினாள். வாதத்தில் ஜெயித்தாள். ஆனால் சீட்டை எடுக்க மூன்று பேரும் சம்மதிக்கவில்லை. கூப்பிட்டுப் பழகிவிட்டதாம்.

அதற்குப் பிறகு வேலை இப்படித்தான் நடந்தது.

"செல்லையாவைக் கோமதியோட சேர்த்து மாட்டுங்கண்ணே."

"அது எப்படி தங்கச்சி, சட்டுனு சேர்க்கிறது? ரெண்டு பேரும் என்ன முறை?"

அருள்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணன் தங்கச்சி" என்றாள்.

"அப்ப சரி" என்று மந்திரம் ஸ்பேனரை எடுத்தார்.

எப்படியோ, மார்கழி முடிவதற்குள் கார் உருவாகிவிட்டது. தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, சிவப்புப் பெயிண்ட் அடித்து, அருள்செல்வியே முற்றத்தில் இரண்டு சுற்று ஓட்டினாள். சுடலைமுத்துவை மிதித்தால் நாலு சக்கரமும் நின்றன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா வேலை பார்த்தீங்க. நாளைக்குப் போகி. பொங்கலுக்கு ஊருக்குப் போகணும்னு இருக்கிறவங்க தாராளமா போயிட்டு வாங்க" என்று மனம் குளிர்ந்து சொல்லிவிட்டு மாமா வீட்டுக்குப் போனாள்.

பொங்கலன்று காலையில் போன் செய்தாள். "அண்ணே, அஞ்சு நிமிஷத்துல வர்றேன். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்க."

மேட்டில் மூன்று பேரும் காரைப் பார்த்தபடி நின்றார்கள். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஓட விடச் சொல்லுது. யார் ஓட்டுறது?" என்றார் ராஜாமணி.

"யாரும் ஓட்டக்கூடாதுல்ல? தானா வரணும்னுதானே மாமா கண்டிஷன் போட்டிருக்காரு. நாம ஏறினா பிள்ளைக்குக் கார் போயிரும்" என்றார் பூவலிங்கம்.

அருள்செல்வி மாமா வீட்டுக் கேட்டைத் திறக்கக் கை வைத்தாள். தெருக் கோடி மேட்டிலிருந்து கார் இறங்கி வருவது தெரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆள் இல்லை. காருக்குப் பின்னால் மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொடாமல், மரியாதையான தூரத்தில் ஓடி வந்தார்கள்.

அவள் விலகினாள். கேட் விலகவில்லை. கேட்டையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்த கார், கரும்புக் கட்டைத் தள்ளி, பொங்கல் பானைக்கு ஒரு சாண் தள்ளிப் போய், முன்சுவரில் மோதி நின்றது. பானெட் பழையபடி அப்பளம். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. பானைப் பக்கம் நின்ற அத்தை, வாய்ப்பழக்கத்தில், "பொங்கலோ பொங்கல்" என்றாள்.

"கார் எனக்குத்தான்" என்றாள் அருள்செல்வி. "தானா வந்துருச்சு."

"வாசல்ல நிக்கணும்னேன். இது வீட்டுக்குள்ள வந்துல்ல நிக்குது?" என்றார் மாமா.

"வாசலைத் தாண்டாம வீட்டுக்குள்ள எப்படி மாமா வரும்? கேட்டே இல்லாதப்ப வாசல் எது, வீடு எதுன்னு நீங்க எப்படிப் பிரிப்பீங்க?"

மாமா கேட் இருந்த இடத்தைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். அவருக்கு மறுபடியும் பசி.

"எடுத்துக்கோம்மா" என்றார். "எடுத்துக்கிட்டு எங்கயாவது போ."

ஜெயித்த அருள்செல்வி பூவலிங்கம் பக்கம் திரும்பினாள்.

"யாருமே இல்லாமலா அண்ணே வண்டியை விடுவீங்க?"

"என்ன தங்கச்சி இப்படிச் சொல்ற? கோமதி இருக்கா, செல்லையா இருக்கான். நூத்து முப்பத்தொம்பது பேர் உள்ள இருக்காங்களே."

அருள்செல்வி கணக்குப் போட்டாள். நூற்று நாற்பதில் ஒன்று குறைந்தது. காருக்குள் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, பிரேக் எங்கே?"

"சுடலைமுத்துவா? ஊருக்குப் போறவங்க போயிட்டு வரலாம்னு நீதானே சொன்ன. ஒவ்வொருத்தரா ஆட்டி ஆட்டிக் கேட்டோம். அவன் ஒருத்தன்தான் கழண்டு வந்தான். நேத்தே ஏரல் பஸ்ல ஜன்னலோரமா உட்கார வெச்சு அனுப்பிட்டோம். காணும் பொங்கல் முடிஞ்சதும் வந்துருவான், தங்கச்சி."